டிப் புழுவைக் கொல்லும், முட்டையைத் தொடாது: பவளம் தின்னிகளைப் பற்றிய அனுபவப் பகிர்வு

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் அக்ரோபோரா (கிளைவிட்டு வளரும் கடின பவளம்) நிறம் மங்கினால் எல்லாரும் முதலில் லைட்டையும் தண்ணீரின் அல்கலினிட்டியையும் (காரத்தன்மை)தான் சந்தேகப்படுவார்கள். டெஸ்ட் கிட்டில் எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது, ஆனால் கிளை அடியிலிருந்து மேல்நோக்கி வெளுத்துக்கொண்டே போகிறது, பாலிப் (பவளத்தின் பூப்போன்ற உயிர்) வெளியே வரவே மாட்டேன் என்கிறது என்றால் தட்டைப்புழுவைத் தேடுங்கள். பெயர் ப்ராஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. 2011-இல் விவரிக்கப்பட்டபோது அமகுசபிளானா என்ற பேரினத்தில் வைத்தார்கள். பழைய கட்டுரைகளில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

வெறும் கண்ணுக்கு இது அகப்படாததற்குக் காரணம் உண்டு. உடம்பே கண்ணாடி மாதிரி. தின்ற பவளத்தின் பாசியும் ஒளிரும் நிறமியும் அதன் வயிற்றில் அப்படியே இருப்பதால், நீல லைட்டில் பவளம் ஒளிர்ந்தால் புழுவும் சேர்ந்தே ஒளிரும். புழுவைத் தேடி நேரத்தை வீணாக்காமல் கடித்த தடத்தைத் தேடுங்கள்: ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வட்டங்கள், சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்த மாதிரி, வெளிச்சம் படாத பக்கத்தில் அதிகமாக. லைட்டை வெள்ளைக்கு மாற்றி, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும்.

டிப் என்றால் பவளத்தை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பது. அதற்கு மூன்று பாத்திரம் வேண்டும், மூன்றிலும் தொட்டித் தண்ணீரே. முதலாவது வெள்ளை நிறமாக இருக்கட்டும். கறுப்பு வாளியில் விழுந்த புழு தெரியாது. அதில் மருந்தை அளவுப்படி கலந்து, பவளத்தை 10 நிமிடம் வைத்து, சமையலறை பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த பெரிய சொட்டுக்குழாய்) எல்லாப் பக்கமும் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். சும்மா ஊறவைத்தால் பாதிப் புழு செத்தும் ஒட்டிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டிலும் அலசிவிட்டு, விழுந்த புழுவை எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் குறைந்ததா என்று சொல்லப்போவது அந்த எண்தான். டிப் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

இதுவரைக்கும் எல்லாரும் சரியாகவே செய்கிறார்கள். கோட்டைவிடுவது முட்டையில். கிளையின் அடியில், உயிர்த்தசை முடிந்து வெற்று எலும்பு தொடங்கும் ஓரத்தில், பொன்பழுப்பு நிறத்தில் ரவையைவிடப் பொடியான மணிகள் அடுக்கி ஒட்டியிருக்கும். எந்த டிப்பும் இதை நம்பும்படியாகக் கொல்வதில்லை. பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரிக் கூரான கொக்கியால் சுரண்டி எடுங்கள். அதைவிட நல்லது, அடிப்பாகத்தையே கட்டரால் வெட்டி எறிந்துவிட்டு, உயிருள்ள கிளையைப் புது ப்ளக்கில் (பவளத்தை ஒட்டிவைக்கும் சிறு அடிக்கட்டை) சூப்பர் குளூ ஜெல்லால் ஒட்டுவது. பழைய ப்ளக்கில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

— — —

மேலே எழுதிய அண்ணா சொன்ன டிப்பின் மருந்து அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக்காரர்கள் எழுதுவது புல்வெளிக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை வைத்து. அதில் இமிடாக்ளோப்ரிட் 0.72 சதவீதம், கூடவே பீட்டா-சைஃப்ளூத்ரின் 0.36 சதவீதம். நம் ஊர் உரக்கடையில் பருத்திக்கும் நெல்லுக்கும் விற்கும் இமிடாக்ளோப்ரிட் 17.8 சதவீதம், ஏறக்குறைய 25 மடங்கு. “ஒரு கப்புக்கு இத்தனை மில்லி” என்று அங்கே படித்ததை அப்படியே இங்கே ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கரைப்பானும் வேறு, சதவீதத்தைச் சரிக்கட்டி நீர்த்துவிட்டாலும் அதே பொருள் ஆகிவிடாது.

பவளத்துக்கென்றே விற்கும் டிப் விலை அதிகம்தான், இருந்தாலும் அதுவே போதும். பூச்சிமருந்து மிச்சம் தொட்டிக்குள் போனால் முதலில் சாவது இறாலும் நண்டும் கோபிபாடும் (இறால் இனத்து நுண்ணுயிர்). தண்ணீரைச் சாக்கடையிலோ செடியிலோ கொட்டவும் கூடாது. கையுறை கட்டாயம்.

— — —

மான்டிபோரா (இன்னொரு வகைக் கடின பவளம், சுருக்கமாக மான்டி) வைத்திருப்பவர்களுக்கு வேறு ஆள்: வெள்ளை நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), சில மில்லிமீட்டர்தான், முதுகெல்லாம் இறகு மாதிரி. ஃபெஸ்டில்லா சப்ஒடியோசா என்று 2020-இல் பெயர் வைத்தார்கள். தட்டு வடிவ மான்டியின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்திலிருந்து தின்னும். மேலே பார்க்கிறவருக்கு ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரியும், வளரும் விளிம்பு என்று ஏமாந்துவிடுவார். வித்தியாசம் சுலபம். வளரும் விளிம்பு சீராக இருக்கும். தின்ற விளிம்பு கிழிந்த மாதிரி இருக்கும், இரண்டு நாளில் அதன்மேல் பச்சைப் பாசி படியும்.

லைட் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து சிவப்பு டார்ச்சோடு பாருங்கள். முட்டை வெள்ளைக் கொத்தாக அடியில் இருக்கும். ஒரு வாரம் முன்பின்னாகப் பொரிந்துவிடும் என்பதால் டிப்பை 5 நாளுக்கு ஒரு தடவை, ஆறு தடவைக்குக் குறையாமல் போடணும். “மூணு தடவை போட்டேன், போயிடுச்சு” என்பவர்கள் அடுத்த மாதம் அதே கேள்வியோடு வருவார்கள்.

— — —

இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடின பவளங்கள் இருப்பதால், இந்தியாவிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஸோவா (கல் எலும்பில்லாத, பொத்தான் மாதிரிப் பாலிப்) பற்றித்தான். பாலிப் ஒரு பக்கமாக மட்டும் மூடிக்கிடந்தால் மூன்று பேரைத் தேடணும். ஒன்று, தான் தின்ற ஸோவாவின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும் நூடிபிராங்க். மூடிய பாலிப்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது, முட்டைச் சுருளைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். இரண்டு, கடல் சிலந்தி. மூன்று, ஹீலியாக்கஸ் நத்தை: கறுப்பும் வெள்ளையும் கட்டம்போட்ட தட்டையான சுருள் ஓடு, பார்க்க அழகாக இருப்பதால் “வந்தது வரட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், இடுக்கியால் எடுங்கள்.

ஸோவா கொஞ்ச நேரம் நன்னீர் தாங்கும். தொட்டியின் வெப்பத்துக்கும் பி.எச்.சுக்கும் சரிசெய்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி அசைத்தால் நூடிகள் உதிரும். அக்ரோபோராவில் இதைச் செய்யாதீர்கள், தசை உரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லணும். ஸோவா, அதன் உறவான பாலிதோவா ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போடாதீர்கள், உலர்த்திச் சுரண்டாதீர்கள், பிரஷ்ஷால் தேய்த்துத் தெறிக்க விடாதீர்கள். அவற்றிலுள்ள பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு ஆவியிலும் தூசியிலும் கலந்து வீட்டிலுள்ளவர்கள் அத்தனை பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொடவே வேண்டாம்.

— — —

சிவப்புப் பூச்சி: அக்ரோபோராவின் மேல் அரை மில்லிமீட்டர் மஞ்சள் புள்ளி, நடுவில் ஒரு சிவப்பு. மில்பெமைசின் ஆக்ஸைம் என்ற மருந்துக்குக் கட்டுப்படும்; ஆனால் அது நாய்க்கான மருந்து, கால்நடை மருத்துவர் சீட்டு வேண்டும், தொட்டியிலுள்ள இறாலையும் நண்டையும் சேர்த்தே கொல்லும். சில துண்டுகள்தான் என்றால் வெளியே எடுத்துத் தனியாகச் செய்யுங்கள்.

அநியாயமாகப் பழி சுமப்பவர்களையும் சொல்லிவிடுகிறேன். பிரிஸில் புழு (முள்மயிர் உள்ள கடல் புழு) பெரும்பாலும் செத்த தசையைத்தான் தின்னும். இரவில் அது பவளத்தின் மேல் இருந்தால், பவளம் முன்பே செத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். சின்ன அஸ்டரினா நட்சத்திரமும் பெரும்பாலும் பாசிதான் மேயும். மயிர் அடர்ந்த, நகம் கறுத்த நண்டை மட்டும் நம்பாதீர்கள்.

— — —

மீனை விட்டால் தீர்ந்துவிடுமா என்று கேட்டவருக்கு: தீராது, ஆனால் கட்டுக்குள் இருக்கும். மெலனூரஸ் ராஸ், மஞ்சள் கோரிஸ், ஆறுகோடு ராஸ் ஆகிய மூன்று மீன்களும் தட்டைப்புழுவைப் பொறுக்கித் தின்னும். ஆறுகோடு சின்னத் தொட்டியில் ரவுடி. அதைக் கடைசியாக விடுங்கள். முதல் இரண்டும் மணலில் புதைந்து தூங்கும், வெறுந்தரைத் தொட்டிக்கு ஆகாது. எது விட்டாலும் கிளை நெருக்கத்துக்குள் மூக்கு நுழையாத இடத்தில் புழு தங்கும்.

உறுதியான வழி பட்டினி. இந்தப் புழு அக்ரோபோராவைத் தவிர வேறு எதையும் தின்னாது. எல்லா அக்ரோபோராவையும் 40 லிட்டர் வெறுந்தரைத் தொட்டிக்கு மாற்றுங்கள். ஹீட்டர், சின்ன வேவ்மேக்கர், பழகிய லைட், மெயின் தொட்டியின் அதே அல்கலினிட்டி. வாரம் ஒரு டிப் அங்கே நடக்கட்டும். மெயின் தொட்டியில் எட்டு வாரம் ஒரு துண்டும் இருக்கக் கூடாது.

கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்: கொலனியை (கல்லில் வளர்ந்த முழுப் பவளத்தை) உடைத்து எடுத்த பிறகு கல்லில் படர்ந்த தசை ரூபாய் நாணய அளவுக்கு ஒட்டியிருக்கும். புழுவுக்கு அது சாப்பாட்டுத் தட்டு. ஈப்பாக்ஸிப் பசையால் ஓரம் விடாமல் மூடுங்கள், ஒரு வாரத்தில் பக்கவாட்டில் பிதுங்கி வளர்ந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். எட்டு வாரக் கணக்கைக் கொலனியை எடுத்த நாளிலிருந்து தொடங்காதீர்கள். அந்தக் கடைசித் தசைத் துணுக்கை மூடிய நாளிலிருந்து தொடங்குங்கள்.