சுவரும் ஓட்டுக் கூரையும் சேரும் இடத்தில் ஒழுக்கு: சாரலுக்கு முன் என்ன செய்யலாம்?

செங்கோட்டைக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், அதாவது 1956-க்கு முன்பு, தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. முன்கட்டு மங்களூர் ஓடு. பின்கட்டை அப்பா இடித்து, உயர்த்திக் கட்டி, கான்கிரீட் தளம் போட்டார். ஓட்டுச் சரிவின் மேல்முனை அந்த உயர்ந்த சுவரில் வந்து முட்டுகிறது. ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு சாரல் இறங்கியதும் அங்கே ஒழுகத் தொடங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளாகச் சித்திரையில் நானே ஏறிச் சிமெண்டு பூசுகிறேன். ஆனி பிறப்பதற்குள் பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்துவிடுகிறது. தண்ணீர் சொட்டுவதோ சுவரோரத்தில் அல்ல, நான்கடி தள்ளி, அம்மாவின் அரிசிப் பானைக்கு நேர் மேலே. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகரம் போடலாம் என்று கொத்தனார் சொல்கிறார், எனக்கு மனமில்லை. கூடவே ஒரு சங்கடம்: மழை தொடங்கினால் பின்கட்டு மரக்கதவு நிலையில் இறுகிக்கொள்கிறது. இழைப்புளி போட்டுச் சீவிவிடலாமா?

குழித்துறைவாசி:
அண்ணாச்சி, தகரம் வேண்டாம். அந்தச் சாரலுக்குத் தகரத்தின் கீழ் உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசக்கூட முடியாது.

உங்கள் சிமெண்டில் குறை இல்லை, அதைப் பூசிய இடத்தில்தான் குறை. கூரை கைமரத்தின் மேல் கிடக்கிறது. மரம் வெயிலில் வற்றும், ஈரத்தில் ஊதும், பாரத்தில் சற்றுத் தாழவும் செய்யும். சுவர் அப்படியே நிற்கும். அசைகிற ஒன்றையும் அசையாத ஒன்றையும் இறுகிப்போகும் கலவையால் இணைத்தால், எத்தனை முறை பூசினாலும் அந்தக் கோட்டில்தான் பிளக்கும். எங்கள் வீட்டில் மூன்று ஆண்டு சிமெண்டைக் கரைத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிடுங்கள். ஓட்டு மட்டத்துக்கு ஆறு அங்குலம் மேலே, சுவர் நெடுக, ஓர் அங்குல ஆழத்தில் காடி வெட்டுங்கள். அலுமினியத் தகட்டின் மேல்விளிம்பை மடித்து அந்தக் காடிக்குள் செருகி, கலவை வைத்து அடையுங்கள். கீழ்ப்பகுதி ஓட்டின் மேல் குறைந்தது ஆறு அங்குலம் படிந்து கிடக்க வேண்டும். காற்று தூக்காதபடி ஓட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அதைத் தட்டிப் படியவையுங்கள். ஆனால் ஓட்டோடு சேர்த்துப் பூசிவிடாதீர்கள், அது நழுவ இடம் வேண்டும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் நான்கு அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். தகட்டுக்கு மேலே சுவர்ப்பூச்சில் விரிசல் இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் தகட்டின் பின்பக்கமாக இறங்கிவிடும்.

கொழிஞ்சாம்பாறை:
மேலே சொன்ன முறை சரியானது. ஆனாலும் சுவரை வெட்டுவதற்கு முன், தண்ணீர் எங்கே நுழைகிறது என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. உள்ளே புகுந்த நீர் கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடி, ஏதாவது கணு தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். ஆகவே பானைக்கு மேலிருந்து சுவர் வரை உள்ள எந்த ஓடும் குற்றவாளியாக இருக்கலாம்.

உச்சி வெயில் நேரத்தில் வீட்டுக்குள் கதவு சன்னலை அடைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் பொட்டு தெரியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் குழாய்த் தண்ணீரை மழை விழுவதுபோல் மேலிருந்து விழவிட வேண்டும். கீழ் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசைக்கும் பத்து நிமிடம் கொடுத்து மேலேறுங்கள். முதலிலேயே உச்சியில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எதுவும் புலப்படாது.

உடையாத ஓடும் ஒழுகும். மங்களூர் ஓட்டின் பக்கவாட்டில் ஒன்றையொன்று கவ்வும் காடி இருக்கிறதல்லவா, அதில் சருகும் பாசியும் அடைத்தால் நீர் வரம்பைத் தாண்டி உள்ளே விழும். மாற்றுவதானால், மேல் வரிசை ஓட்டை மரஆப்பு வைத்துச் சற்றே உயர்த்தி, அடியில் ரீப்பரை, அதாவது ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை, பிடித்திருக்கும் மூக்கை விடுவித்து உருவலாம். ஒன்று கவனம்: ஓர் ஆலையின் ஓடு இன்னோர் ஆலையின் ஓட்டோடு பெரும்பாலும் பொருந்தாது. பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், வீடு இடிக்கும் இடங்களில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஓட்டின் நடுவில் காலை வைக்காதீர்கள். ஏணியைக் கூரையின் மேல் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டி, அதன் மேல் ஊர்ந்து செல்லுங்கள். கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1 என்பதால், வைகாசி நடுவுக்குள் முடிப்பது நல்லது. பாசி நனைந்த பிறகு கூரையில் ஏறவே வேண்டாம்.

குமுளிச்சாலை:
கதவுக்கு மட்டும் சொல்கிறேன். மழையில் சீவினால் தை மாதத்தில் இடைவெளி விழும், பல்லி நுழையும். இப்போதைக்கு உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். வெயில் காலத்தில் கதவின் மேல், கீழ் விளிம்புகளைப் பாருங்கள். அங்கே பெயிண்டர் தூரிகையே வைத்திருக்கமாட்டார். ஈரம் அதிகம் ஏறுவது அந்த வெற்றுமரம் வழியாகத்தான். கதவைக் கழற்றி அந்த விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு கொடுங்கள்.

செங்கோட்டைக்காரன்:
மூவருக்கும் நன்றி. ஞாயிறன்று தம்பியை உள்ளே நிறுத்திச் சோதித்தோம். கீழ் வரிசைகளில் ஒன்றுமில்லை. சுவரிலிருந்து மூன்றாம் வரிசைக்கு வந்ததும் தம்பி குரல் கொடுத்தான். உருவிப் பார்த்தால் காடி நிறைய வேப்பிலைக் காம்பும் கறுத்த மண்ணும். சுத்தம் செய்து மாட்டியதும் அங்கே நின்றது. சுவரோரத்தில் ஊற்றியபோது மட்டும் மெல்லிய கசிவு இன்னும் இருக்கிறது. அதற்குத் தகடு வாங்க நாளை தென்காசிக்குப் போகிறேன். கதவின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்தேன், பெயிண்டே இல்லை.