துன்பத்தில் துதித்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

கேத்திக்காரன்:
2009 நவம்பர் மழையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரே நாளில் நீலகிரியின் கேத்தியில் 82 சென்டிமீட்டர். மண்சரிவில் வீட்டையும் மூத்த மகனையும் பறிகொடுத்த ஓர் அம்மா, நாங்கள் அரிசி கொண்டுபோன முகாமில் சுவரோரம் சாய்ந்திருந்தார். கணுக்கால் வரை செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. சபைப் பெண்கள் துதிப் பாடல் எடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடுகிற நேரமா இது? அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "சுருதி ஏறிவிட்டது கண்ணுகளா, இறக்கிப் பிடியுங்கள்" என்றார். இறக்கினார்கள். இரண்டாம் சரணத்தில் அவர் குரலும் சேர்ந்தது, தாளம் பிசகாமல். இன்றுவரை எனக்கு அது பிடிபடவில்லை.

குன்னூர்_சாட்சி:
இதில் பிடிபடாதது என்ன? பைபிளில் எல்லாம் இழந்தும் யோபு ஸ்தோத்திரம் சொன்னாரே! விசுவாசம் இருந்தால் முறுமுறுப்பு வராது. அண்ணன் இறந்தபோது அண்ணியிடமும் இதையே சொன்னேன். தேறிவிட்டார்.

பூம்பாறை வாசி:
நீங்கள் சொல்வது முதல் அத்தியாயம், ஐயா. மூன்றாவதில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கண்ணை இழந்த சுந்தரர், திருவாரூரில் ஈசனைப் பார்த்து "வாழ்ந்து போதீரே" என்று ஏசவில்லையா? என் சித்தப்பா பூண்டு விவசாயி. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு மதுரையிலிருந்து திரும்பும்போது, மலைப்பாதை வளைவுகளில் பையில் வாந்தி எடுத்தபடியே, "முருகா, உன் கண் அவிந்துவிட்டதா?" என்று திட்டிக்கொண்டே வருவார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே குழந்தை வேலப்பர் சன்னிதி. "கொண்டுவந்து சேர்த்துவிட்டாய், அந்த மட்டில் நல்லவன்தான்" என்று விழுந்து கும்பிடுவார். அவருக்கு யாரும் துதிக்கச் சொல்லித் தரவில்லை. உங்கள் அண்ணி தேறினாரா, இல்லை உங்கள் முன்னால் அழுவதை நிறுத்தினாரா?

மலைக்குயில்:
சண்டை வேண்டாமே. என் மாமியாரும் கீமோவின்போது கந்த சஷ்டி கவசம் சொல்வார், அவ்வளவுதான் என் கதை. பூம்பாறை அண்ணனுக்குச் சில யோசனைகள்: சித்தப்பாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வாந்தி மாத்திரையைப் புறப்படும் முன்பே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. வத்தலக்குண்டில் இறங்கி இளைப்பாறிவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். காய்ச்சல் கண்டால் விபூதி பூசியதோடு விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. முக்கியமாக, மஃப்ளர் கட்டச் சொல்லுங்கள்.

பூம்பாறை வாசி:
நன்றி, தங்கச்சி. சித்தப்பா போன ஆடியில் காலமாகிவிட்டார். மஃப்ளர் கட்டச் சொன்னால் முருகனுக்கு விழுந்த திட்டு எனக்கும் விழும்.