மறு: மலைமடிப்பு, பள்ளத்தாக்கு மடிப்பு – வேறு சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம். தாள் மடிப்புக் கலையான ஓரிகாமிக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது. மடித்த கோடு நம்மை நோக்கிப் புடைத்து நின்றால் மலைமடிப்பு, குழிந்து உள்வாங்கினால் பள்ளத்தாக்கு மடிப்பு.

> ஜப்பானியர் யாமா-ஓரி, தானி-ஓரி என்கிறார்கள். யாமா மலை, தானி பள்ளத்தாக்கு. நாமும் மலைமடிப்பு, பள்ளத்தாக்கு மடிப்பு என்றே வைத்துக்கொள்ளலாமே?

பொருளில் குறையில்லை, நீளம்தான் இடிக்கிறது. ஓரிகாமி செய்முறையில் வரிக்கு வரி வருகிற சொல் இது. 'பள்ளத்தாக்கு மடிப்பாக மடிக்கவும்' என்று நாலு தடவை படித்தால் புதிதாகக் கற்பவர் தாளைக் கீழே வைத்துவிடுவார். மேடு, பள்ளம் போதும். சாலையைத் திட்டும்போதுகூட நாம் ஜோடியாகவே சொல்லும் சொற்கள் அவை.

சின்னச் சொல் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், இவற்றை எண்ண வேண்டியிருக்கிறது. தட்டையாக மடங்கும் எந்த உருவத்திலும், தாளின் உட்புறம் ஒரு புள்ளியில் கூடும் மேடுகளுக்கும் பள்ளங்களுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் இரண்டு. மாயேகாவா ஜுன் பெயரால் வழங்கும் விதி இது. பல உருவங்களுக்குத் தொடக்கமாக மடிக்கும் நீர்க்குண்டு அடிவடிவத்தை (வாட்டர்பாம் பேஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் பள்ளம், ஒரு நடுக்கோடு மேடு. தாளின் மையத்திலிருந்து எண்ணினால் பள்ளம் நான்கு, மேடு இரண்டு. தாளைத் திருப்பிப் போட்டால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், வித்தியாசம் மாறாது. 'திருப்பினால் மாறுகிற பெயர் எப்படிக் கலைச்சொல் ஆகும்' என்று ஒருவர் கேட்டிருந்தார். இடம், வலம் என்பதும் அப்படித்தானே ஐயா.

> உள்மடிப்பு, வெளிமடிப்பு என்றால் குழந்தைக்கும் புரியும்.

புரியும், ஆனால் அந்தச் சொற்களுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. கொக்கின் கழுத்துக்கும் வாலுக்கும் முனையை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே தள்ளி மடிக்கிறோம். உள்மடிப்பு என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். இப்போதே செலவழித்துவிட்டால் அப்புறம் திண்டாட வேண்டியதுதான். முன்மடிப்பு, பின்மடிப்பு என்ற யோசனையும் நல்லதே. ஆனால் பல கோடுகள் ஒரே சமயத்தில் மடங்கி உருவம் குவியும்போது முன் எது, பின் எது?

அடுத்து, மடித்து விரித்தபின் தாளில் நிற்கும் கோடு. இதையும் மடிப்பு என்றே சொல்லிவந்தால், மடிக்கச் சொல்கிறார்களா, மடித்த கோட்டைக் காட்டுகிறார்களா என்று தெரியாது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லும் 'கிரீஸ்' (crease) என்பதை அப்படியே எழுதினால் சைக்கிள் செயின்தான் நினைவுக்கு வரும். மடிதடம் என்கிறேன். இடம் புரிந்தபின் வெறும் தடம். எல்லாத் தடங்களையும் விரித்த தாளில் காட்டும் வரைபடம் தடப்படம்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க மசுப் பெட்டியின் செய்முறையை எழுதிப் பார்த்தேன். (மசு, நம் உழக்கு மாதிரி, அரிசி அளக்கும் மரப்பெட்டி. தயவுசெய்து மாசு என்று எழுதிவிடாதீர்கள்.)

15 செ.மீ. சதுரத் தாள். மூலைவிட்டங்களைப் பள்ளமாக மடித்து விரிக்கவும். நான்கு மூலைகளையும் மையத்துக்கு மடிக்கவும். எதிரெதிர் விளிம்புகளை நடுக்கோடு வரை மடித்து, நகத்தால் நீவி, தடம் விழுந்ததும் விரிக்கவும். மற்ற இரு விளிம்புகளுக்கும் இதே. இனி எதிரெதிரான இரண்டு மூலைகளை மட்டும் வெளியே விரித்து, மற்ற இரு பக்கச் சுவர்களை நிமிர்த்தவும். விரித்த முனையைத் தூக்கி, சுவரின் இரு ஓரமும் உள்நோக்கி மடங்கும்படி மேலேற்றி, பெட்டிக்குள் இறக்கவும். மறுமுனையும் அப்படியே.

சுமார் 5.3 செ.மீ. சதுர அடியும் அதில் பாதி உயரமும் உள்ள பெட்டி கிடைக்கும். மூடி வேண்டுமென்றால் அரை செ.மீ. பெரிய தாளில் இன்னொன்று.

ஒரே மாதிரி மடித்த துண்டுகளை ஒன்றில் ஒன்று செருகிச் செய்யும் சோனோபே உருவங்களுக்கான சொற்கள் பற்றி: 6 துண்டு சேர்த்தால் கனசதுரம், 12-க்கும் 30-க்கும் முள்முள்ளாக நிற்கும் உருண்டைகள். துண்டை 'அலகு' என்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை. கொக்கு மடிப்பவர் மூக்கைத் தேடுவார். கூறு என்று வைக்கலாம். செருகும் முனை மடல், அது போய் உட்காரும் இடம் பை. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

தாளை மடித்தே வடிவியல் கற்பிக்கும் நூலை டி. சுந்தரராவ் 1893-இலேயே சென்னையில் வெளியிட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். தமிழில் எழுதியிருந்தால் நமக்கு இந்த வேலை மிச்சம்.

அன்புடன்.

*

மறுமொழி:

மேடு, பள்ளம், தடம் மூன்றும் சரி. 'மேடு மடிப்பு' என்று யாரும் எழுத வேண்டாம். மேட்டுநிலம் போல மேட்டுமடிப்பு, பள்ளமடிப்பு. படத்தில் பள்ளத்துக்கு வெட்டுக்கோடும், மேட்டுக்குக் கோடும் புள்ளியும் கலந்த வரியும் போடுங்கள். ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் யோஷிசாவா அகிரா வகுத்த குறியீட்டு முறை உலகெங்கும் ஊன்றிவிட்டது, அதில் கை வைக்க வேண்டாம்.

நான்கு மூலையையும் மையத்துக்கு மடிப்பதற்குத் தனிப்பெயர் விட்டுப்போயிற்றே? மேலைநாட்டார் பிளின்ட்ஸ் என்று ஒரு பலகாரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள், ஜப்பானியருக்கு அது மெத்தை மடிப்பு. நான்மூலை மடிப்பு எப்படி இருக்கிறது?