பர்ஜ் அடிச்சா பக்கம் போயிடுமா?

சர்வர்சாமி: நேத்து ஒருத்தர் "விலை மாத்துனதும் அந்தப் பக்கத்துக்கு ஒரு பர்ஜ் அனுப்பு, கேஷ் க்ளீன், மேட்டர் ஓவர்"னு எழுதிட்டுப் போயிருக்காரு. படிச்சதுலேர்ந்து எரிச்சல் தாங்கல. கேஷ்னா வேகத்துக்காக எடுத்து வெச்சிருக்கிற பக்க நகல், பர்ஜ்னா அந்த நகலைத் தூக்கச் சொல்ற கட்டளை. சர்வருக்கு முன்னாடி நின்னு நகல் குடுக்கிற வார்னிஷ் டீஃபால்ட்டா ஹோஸ்ட்டையும் (சைட் பேரு) முழு யூஆர்எல்லையும் சேர்த்துதான் ஹாஷ் போடுது, அதாவது நகலுக்கு அடையாளம் வெக்குது, ஃபேஸ்புக் லிங்க்ல கேள்விக்குறிக்குப் பின்னாடி ஒரு வால் ஒட்டி வருதே, அது வந்தா வார்னிஷுக்கு அது வேற பக்கம். நீங்க பர்ஜ் பண்ணது வால் இல்லாததை. வால் வெச்சது பழைய விலையோட ஜம்முனு உக்காந்திருக்கும்.

கடலைமிட்டாய்: அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். பர்ஜ் அடிச்சா எல்லா வேரியன்ட்டும் போயிடும்னு டாகுமென்ட்லயே இருக்கு சாமி.

சர்வர்சாமி: அது வேரி ஹெடர் (எதை வெச்சு நகலைப் பிரிக்கணும்னு சர்வர் அனுப்புற குறிப்பு) பாத்து பிரிக்கிற வேரியன்ட். ஒரே யூஆர்எல்லுக்கு தமிழ் ஒன்னு இங்கிலீஷ் ஒன்னு வெச்சிருப்பான்ல, அது. நான் கேட்டது வால்.

கடலைமிட்டாய்: வாலை வெட்டிட்டு ஹாஷ் போட விசிஎல்ல (வார்னிஷோட கான்ஃபிக் மொழி) ரெண்டு வரி. எங்க சைட்ல அப்படித்தான் ஓடுது.

சர்வர்சாமி: அந்த ரெண்டு வரிய நேத்து எழுதுனீங்களா? "மேட்டர் ஓவர்"னுதானே எழுதுனீங்க?

பின்பெஞ்சு: ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பாக்கிற விதி) வெச்சு பேன், அதாவது பொருந்துற நகல் எல்லாத்துக்கும் ஒரே தடை, போட்டுட்டா வாலோட சேர்த்துப் போயிடும்ல, எதுக்கு இவ்ளோ சண்டை?

சர்வர்சாமி: வாங்க சார். பேன்ல ரிக்வெஸ்ட் யூஆர்எல்ல எழுதுனா பேன் லர்க்கர் (பேன் ஆன நகலைத் தேடி அழிக்கிற வார்னிஷ் பகுதி) அதைத் தொடவே தொடாது, ஆப்ஜெக்ட் (கேஷ்ல இருக்கிற நகல்) பக்கத்து ஹெடர வெச்சு எழுதுனாதான் பின்னாடி ஓடி சுத்தம் பண்ணும், இது தெரியாம நிமிஷத்துக்கு ஒரு பேன் போட்டா லிஸ்ட் வளந்து சிபியூ அழும். போன மாசம் ரெடிஸ்ல (மெமரியில டேட்டா வெக்கிற ஸ்டோர்) ஃப்ளஷ்ஆல், அதான் எல்லாத்தையும் அழிக்கிற கட்டளை, அடிக்கச் சொன்னதும் நீங்கதானே? செஷனும் (லாகின் தகவல்) அதே ரெடிஸ்ல வெச்சிருந்த புள்ள பாவம், யூசர் மொத்தமும் லாக்அவுட்.

பின்பெஞ்சு: செஷனையும் கேஷையும் ஒரே எடத்துல வெச்சது என் தப்பா??

மழைக்கொண்டல்: ரெண்டு பேருக்குமே ஒன்னு. மேக்ஸ்-ஏஜ் (நகலை எத்தனை செகண்ட் வெச்சுக்கலாம்னு சொல்ற ஹெடர்) 3600 குடுத்து பக்கம் ஏற்கனவே பிரவுசருக்குப் போயிருந்தா உங்க பர்ஜ் அங்க போய்ச் சேராது. எஸ்-மேக்ஸ்ஏஜ (வார்னிஷ் மாதிரி பொதுக் கேஷுக்கு மட்டும்) தனியா குடுத்துட்டு மேக்ஸ்-ஏஜ் 0 வைங்க.

சர்வர்சாமி: அது வேற டாபிக். இங்க பேச்சு வால் பத்தி.

கடலைமிட்டாய்: உங்களுக்கு எல்லாமே வால்தான். சரி, பர்ஜுக்கு ஏசிஎல் (யாருக்கு அனுமதின்னு சொல்ற லிஸ்ட்) போட்டிருக்கீங்களா, இல்ல ரோட்ல போறவனும் உங்க கேஷக் காலி பண்ணலாமா?

சர்வர்சாமி: பேச்ச மாத்தாதீங்க. வால் போகுமா போகாதா?

கடலைமிட்டாய்: எங்க சைட்ல போகுது.

சர்வர்சாமி: நான் டீஃபால்ட்டத்தான் கேட்டேன்.