புரா, யூகோ: குரோஷியக் கதைகள்ல வர்ற காத்துக்கு என்ன பேர் வைக்கலாம்

வணக்கம் ஐயா. டால்மேஷியக் கரை, தீவுகள், மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஸாகோரா கிராமங்கள்னு எழுதின குரோஷியச் சிறுகதைகளைத் தமிழ்ல கொண்டுவரும்போது புராவுக்கு வாடை, யூகோவுக்குத் தென்றல்னு போட்டுடலாம்னு சொன்னீங்க. வாடை பாதி சரி. தென்றலை என்னால ஏத்துக்கவே முடியலை.

யூகோன்னா தெற்கு, யுகோஸ்லாவியாவுல இருக்கிற அதே தெற்குதான், திசையை வெச்சுப் பார்த்தா தென்றல்னு தோணுறது நியாயம். ஆனா அங்க யூகோ அடிச்சா வானம் மூடிக்கும், ஈரப் புழுக்கம், அலை பெருசாகும், தலை வலிக்கும், ஆளாளுக்கு எரிஞ்சு விழுவாங்க. பழைய துப்ரோவ்னிக் குடியரசுல யூகோ வீசுற நாள்ல முக்கியமான முடிவு எதுவும் எடுக்க மாட்டாங்கன்னு இன்னைக்கும் சொல்றாங்க. யூகோ நாள்ல அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டாங்கன்னு கதையில வந்தா அந்தக் கரைக்காரனுக்கு வேற விளக்கம் வேண்டாம். அதையே தென்றல்னு எழுதினா நம்மாளுக்கு நிலாவும் மல்லிகையும்தான் ஞாபகம் வரும், கதையே கெட்டுப்போகும். நம்ம மீனவங்க தெக்கத்திக் காத்தை சோழகம்னு சொல்றாங்களே, அதை எடுத்துக்கலாம். தீவுக்காரங்க பேச்சுல 'என்ன'ங்கறதுக்குப் பொதுமொழி 'ஷ்டோ' கூட கிடையாது, 'ச்சா'தான், அப்படிப்பட்ட கதைக்கு நாமும் கடல்காரன் வாயில இருந்துதான் சொல் எடுக்கணும்.

இப்ப புரா. வடகிழக்குல இருந்து வருது, குளிரு, அதுவரை வாடை பொருந்துது. ஆனா நம்ம கரையில வாடைன்னா மழையும் கூட வரும், புரா பெரும்பாலும் காஞ்ச காத்து, வானம் பளிச்சுனு இருக்கும். வெலெபித் மலைக்குப் பின்னாடி தேங்கின குளிர்காத்து கணவாய் வழியா வழிஞ்சு கடல்ல வந்து விழுது, சிலசமயம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டி அடிக்கும், விட்டு விட்டு, உதறி உதறி. பாக் தீவுல அது கடல்தண்ணியைத் தூத்தலா அள்ளிக் கரையில அடிக்கிறதால மலையைப் பார்த்த பக்கம் முழுக்க மொட்டைப்பாறை, மிச்சமிருக்கிற புல்பூண்டும் உப்புக் கரிக்கும், அதை மேயுற செம்மறியோட பால்லதான் அந்தப் பேர்பெத்த பாக் சீஸ் செய்றாங்க. அதனால மலைவாடைன்னு வெச்சா என்ன? 'மலையிறங்கு காற்று' வானிலைப் பாடப் புத்தகத்துக்குச் சரி, கதைக்குள்ள உக்காராது.

அவங்க சொலவடை ஒண்ணுல போட்டுப் பார்த்தேன்: மலைவாடை சென்ல பொறந்தா, ரியேகாவுல வாக்கப்பட்டா, ட்ரியெஸ்ட்ல செத்தா (மூணும் அந்தக் கடலோரத்து ஊருங்க). அந்த மொழியில புரா பெண்பால், எனக்கு இது சரியாவே படுது. உரையாடல்ல மட்டும் புரான்னே விட்டுடலாமா? நீங்கதான் சொல்லணும்.