ஆப்பிரிக்க முறைக் கால்பந்துப் பயிற்சி: தாராவிக்கு ஒத்துவருமா?

கேள்வி: தாராவியில 12–14 வயசுப் பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை பயிற்சி நடக்குது. ஆப்பிரிக்காவில ஆட்டத்தோடயே வாழ்க்கைத் திறனும் சொல்லித் தர்றாங்களே, அதை இங்க எப்படிச் செய்யலாம் அண்ணே?

பதில் 1: தம்பி, கென்யாத் தலைநகர் நைரோபியில, மதாரேங்கிற சேரிப் பகுதியில, மதாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் 1987-லயே இதைத் தொடங்கிட்டாங்க. தெருவைச் சுத்தம் பண்ற அணிக்கும் லீக்ல புள்ளி உண்டு. நல்லாப் பொறுப்பெடுக்கிற பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி. பணம் கைக்கு வராது, நேரா பள்ளிக்கே போகும். இந்த ஏற்பாட்டை விட்டுடாதீங்க. கையில கொடுத்தா வீட்டுச் செலவுல கரைஞ்சிடும். சுத்தம் பண்ணின கணக்கை எதிரணிப் பையன் சரிபார்க்கட்டும், இல்லன்னா பொய்க்கணக்கு வரும்.

பதில் 2: ஆப்பிரிக்காவில கால்பந்து வழியா எச்ஐவி விழிப்புணர்வு சொல்லித் தர்ற கிராஸ்ரூட் சாக்கர் அமைப்போட ஒரு பயிற்சி இருக்கு. தரையில வச்ச கோன்களுக்கு (கூம்புகளுக்கு) நடுவுல பந்தை ஓட்டிட்டுப் போகணும். ஒவ்வொரு கோனும் ஒரு ஆபத்து. அங்க எச்ஐவி, இங்க குட்கா, படிப்பை நிறுத்துறதுன்னு வைக்கலாம். பந்து கோன்ல பட்டா முதல் சுற்றுல அவன் மட்டும் புஷ்-அப், அடுத்ததுல அவன் அணியே, கடைசில எல்லாரும். முடிஞ்சதும் உட்கார வச்சுப் பேசணும். பலர் இதைத்தான் விட்டுடுறாங்க. அப்புறம் அது வெறும் உடற்பயிற்சிதான்.

பதில் 3: ஏஜென்ட் மோசடியையும் சொல்லிக்கொடுங்க. மேற்கு ஆப்பிரிக்கப் பசங்க நிறைய பேர் ஐரோப்பாக் கிளப்புல டிரயல் (தேர்வு ஆட்டம்)னு சொன்னதை நம்பி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்திருக்காங்க. 18 வயசுக்குக் கீழ வெளிநாட்டுக் கிளப்புக்கு மாறுறதை, சில விலக்கு தவிர, ஃபிஃபா தடுக்குது. பெற்றோர் கூட்டத்துல முதல்ல இதைச் சொல்லுங்க.