அடி யாருக்கு விழுது?

பெரியப்பா: [வீடியோ] தேர்தல் மேடைப் பேச்சு, கடைசி ஒரு நிமிஷம் மட்டும் பாருங்க. எதிரணியை மூளை வளராத கூட்டம்னு எப்படிப் போட்டுத் தாக்கறார்!

கார்த்தி: செம பெரியப்பா. நாளைக்கே நாலு பேர் கண்டன அறிக்கையோட வந்துடுவாங்க பாருங்க.

மாலதி அக்கா: பெரியப்பா, இது வேண்டாமே. என் பையனும் இந்த போன்லதான் எல்லாம் பாக்கறான்.

பெரியப்பா: அவனைச் சொல்லலையேம்மா. கட்சியைத்தானே சொல்றார்.

மாலதி அக்கா: திட்டு கட்சிக்குத்தான். ஆனா அது உறைக்கணும்னா, என் பையன் மாதிரி இருக்கறது கேவலம்னு கேக்கறவங்க முதல்ல ஒத்துக்கணும். போன வாரம் டவுன் பஸ்ல ரெண்டு பசங்க இவனைப் பாத்து இப்படி ஒரு மேடைப் பேச்சை அப்படியே ராகம் போட்டுச் சொன்னாங்க. பக்கத்து சீட்டுக்காரங்க சிரிச்சாங்க. எதுக்குன்னு புரியாம இவனும் கூடச் சேந்து சிரிச்சான்.

கார்த்தி: அது தப்புதான்க்கா. ஆனா ஒருத்தர் வாயைத் தெறந்ததும் ஊரே கொந்தளிக்கறதுல என்ன பிரயோஜனம்? 2021 தேர்தல்ல ஆ.ராசா, ஸ்டாலினையும் எடப்பாடியையும் ஒப்பிடறேன்னு குழந்தைப் பிறப்பை உவமையா இழுத்தார். எடப்பாடி பிரசாரத்துலயே கண் கலங்கினார். தேர்தல் ஆணையம் ராசாவுக்கு 48 மணி நேரம் தடை போட்டுச்சு. அப்புறம்? திமுக கூட்டணிக்கு 159 இடம். விலைவாசி, வேலை எல்லாத்தையும் விட்டுட்டு அதையே பேசிட்டிருந்ததுதான் மிச்சம்.

கோவை அத்தை: ஜெயிச்சதை வச்சு அதை அளக்காதடா. அரசியல் வளர்ச்சியைத்தான் சொன்னேன்னு அவர் விளக்கம் கொடுத்தார், மன்னிப்பும் கேட்டார். ஆனா அந்த உவமையில மாட்டினது எடப்பாடியைப் பெத்த தாய். அந்தம்மா இறந்து அப்ப ஆறு மாசம்கூட ஆகலை. நான் திமுகவுக்கு ஓட்டுப் போட்டவதான். அன்னைக்கு எனக்கே வயிறு எரிஞ்சுது.

கார்த்தி: நீங்க நியாயமா பேசறீங்க அத்தை. பாதிப் பேருக்கு அடுத்த கட்சிக்காரன் பேசினா மட்டும்தான் கொதிக்குது.

மாலதி அக்கா: அதுக்காக யாருமே கோபப்படக் கூடாதுன்னு ஆயிடுமா? 2020-ல குஷ்பு பாஜகவுல சேந்ததும் காங்கிரஸைப் பத்தி இந்த வீடியோல வர்ற மாதிரியேதான், மூளை வளராத கட்சின்னு சொன்னாங்க. மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்காரங்க பல ஸ்டேஷன்ல புகார் கொடுத்தாங்க, அவங்களும் மன்னிப்புக் கேட்டாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பொது இடத்துல மாற்றுத்திறனாளியை வேணும்னே அவமானப்படுத்தினா 6 மாசத்துலேர்ந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில். 2023 டிசம்பர்ல தேர்தல் ஆணையமே எல்லாக் கட்சிக்கும் சொல்லிடுச்சு, குருடு செவிடு நொண்டின்னு பிரசாரத்துல பேசாதீங்கன்னு.

பெரியப்பா: அப்ப செவிடன் காதுல ஊதின சங்குன்னுகூடச் சொல்லக் கூடாதா? மேடையில கொஞ்சம் காரம் இருந்தாத்தாம்மா கூட்டம் நிக்கும். நாங்கல்லாம் விடிய விடிய நின்னு கேட்டவங்க.

மாலதி அக்கா: காரம் இருக்கட்டும் பெரியப்பா. ஊழல் பெருச்சாளின்னு சொல்லட்டும், கொள்ளைக் கூட்டம்னு சொல்லட்டும். திருப்பிப் பேச அவங்களுக்கும் மைக் இருக்கு. என் பையனுக்கு எங்க இருக்கு? வீட்டுல பழமொழி சொல்றதுக்கு நான் சண்டைக்கு வரலை. ஊரைக் கூட்டி வச்சு ஒருத்தரை மட்டம் தட்ட இவனை எடுத்துக்கிட்டா வருவேன்.

கோவை அத்தை: பொன்முடி பேச்சும் அப்படித்தானே. 2025 ஏப்ரல்ல, பாலியல் தொழிலாளியை வச்சு சைவம் வைணவம்னு ஒரு ஆபாச ஜோக். கனிமொழியே கண்டிச்சாங்க, ஹைகோர்ட் தானா முன்வந்து கேஸ் எடுத்துச்சு. அந்த மாசம் முடியறதுக்குள்ள கட்சிப் பதவியும் போச்சு, மந்திரி பதவியும் போச்சு. ஊர் வாயை மூடிட்டு இருந்திருந்தா போயிருக்குமா கார்த்தி?

கார்த்தி: பதவி போனதுல வேற கணக்கும் இருந்திருக்கும். ஆனா ஒண்ணு, கட்சிக்காரனுக்காகக் கொதிக்கறதுக்கு நான் வர மாட்டேன். அக்கா பையனுக்காகன்னா வரேன்.

பெரியப்பா: மாலதி, இங்க எடுத்துட்டேன். வாக்கிங் குரூப்லயும் போட்டிருக்கேன், அங்கயும் எடுத்துடறேன்.

மாலதி அக்கா: சரி பெரியப்பா.

கோவை அத்தை: பேசினவர் எங்க கட்சிதான். வட்டச் செயலாளர் நாளைக்கு ஓட்டுக் கேட்டு எங்க தெருவுக்கு வரார். வாசல்லயே நிறுத்திக் கேக்கறேன்.

மாலதி அக்கா: கேளுங்க அத்தை. எதிர்க்கட்சிக்காரங்க கெளப்பி விடறாங்கன்னு உங்ககிட்ட அவரால சொல்ல முடியாது.